கல்லில் யார் பெயர் ஏறும் என்று முடிவு செய்தது யார்?

கருங்குயில்:

இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் போர்ட்டன் என்ற ஊரின் ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, அப்படியே பேருந்து ஏறிவிடுவார்கள். அந்த ஊருக்கு இந்தப் பக்கம் கிரேட் ரிஸ்ஸிங்டன், அந்தப் பக்கம் அப்பர் ஸ்லாட்டர். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மைல்தான் இருக்கும். இரண்டுமே சின்னஞ்சிறு ஊர்கள்.

கிரேட் ரிஸ்ஸிங்டன் தேவாலயத்துக்குள் முதல் உலகப்போரில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதில் சோல்ஸ் என்ற குடும்பப் பெயர் 5 முறை வருகிறது. ஆல்பர்ட், ஃப்ரெட், வால்டர், ஆல்ஃப்ரெட், ஆர்தர். ஐந்து பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1916 மார்ச்சில் ஆல்பர்ட், ஜூலையில் ஃப்ரெட், ஆகஸ்டில் வால்டர். ஆல்ஃப்ரெடும் ஆர்தரும் இரட்டையர், 1918 ஏப்ரலில் 5 நாள் இடைவெளியில் இருவரும் போனார்கள்.

அப்பர் ஸ்லாட்டரில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. முதல் போருக்குப் போன 24 ஆண்களும் ஒரு பெண்ணும் திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டாம் போருக்குப் போன 36 பேரும் வந்துவிட்டார்கள். ஊர்க் கூடத்தில் சாதாரண மரப்பலகையில் அவர்கள் பெயர்களை எழுதி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி ஊர்களுக்கு 'நன்றியுள்ள கிராமங்கள்' என்று 1930களில் ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் பெயர் வைத்தார். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படி ஐம்பது சொச்சம் ஊர்கள்தான் தேறின. இரண்டு போரிலும் யாரையும் இழக்காதவை இன்னும் குறைவு.

இதையெல்லாம் படித்த பிறகுதான் நான் குடியிருக்கும் ஊரின் நினைவுச் சிலுவையை நின்று பார்த்தேன். தினமும் அதைக் கடந்துதான் பேருந்துக்குப் போகிறேன். அதில் இருக்கும் ஒரு பெயர், அதே முதலெழுத்து, அதே படைப்பிரிவோடு பக்கத்து ஊர்க் கல்லிலும் இருக்கிறது. செத்தவர் ஒருவர், கல் இரண்டா? அப்படியானால் இந்தப் பட்டியலை யார் தயாரித்தார்கள்? அரசா, ராணுவமா, சர்ச்சா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

ஓலைச்சுவடி:

மூன்று பேரும் இல்லை அம்மா. ஊர்க்காரர்கள்தான். நாற்பது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கற்களுக்கு அடியில் யாருமே இல்லை. போர் தொடங்கிய புதிதில் காசு பணம், செல்வாக்கு உள்ளவர்கள் பிரான்சிலிருந்து உடலைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன், அவரும் நாடாளுமன்ற உறுப்பினர்தான், 1915 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்தார். மன்னரின் அனுமதியோடு உடலை வேல்ஸில் ஹாவர்டனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதோடு கதவை மூடிவிட்டார்கள். பணக்காரன் பிள்ளை வீட்டுக்கு வருவான், பண்ணைக்கூலி பிள்ளை அங்கேயே கிடப்பான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? இனி யார் உடலும் வராது, தளபதியானாலும் சிப்பாயானாலும் விழுந்த மண்ணிலேயே அடக்கம், ஒரே அளவுக் கல் என்று முடிவானது. ஃபேபியன் வேர் என்பவர் முன்னின்று நடத்திய அந்த வேலைக்குத்தான் 1917இல் அரச சாசனத்தோடு போர்க் கல்லறை ஆணையம் வந்தது.

நியாயமான முடிவுதான். ஆனால் ஒரு கிராமத்துத் தாய்க்கு அதனால் என்ன ஆயிற்று? பிரான்சுக்குப் போய்வரக் காசில்லை. அழுவதற்கு ஓர் இடம் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் 1919 முதல் ஊர் ஊராகக் கல் முளைத்தது. பெரும்பாலும் சந்தா வசூல். பாதிரியார், பள்ளி ஆசிரியர், பெரிய நிலக்காரர், ஊருக்குத் திரும்பிய சிப்பாய் ஒருவர் என்று ஒரு குழு போடுவார்கள். தேவாலயக் கதவிலோ தபால் நிலையத்திலோ பட்டியலை ஒட்டி, விட்டுப்போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்பார்கள். பெற்றோர் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர் என்றால் இருவருமே போய்ப் பெயர் கொடுப்பார்கள். இரண்டு கல்லிலும் ஏறிவிடும். வேலை பார்த்த ரயில்வே, படித்த பள்ளி என்று மூன்று நான்கு இடத்தில் பெயர் உள்ளவர்களும் உண்டு. உங்கள் ஆள் விஷயமும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

சண்டைக்கும் குறைவில்லை. சிலுவை வேண்டாம், பிழைத்து வந்தவர்கள் உட்கார ஒரு கூடம் கட்டுங்கள் என்று ஒரு கட்சி. கூடம் என்றால் சீட்டாட்டம்தான் நடக்கும், செத்தவர்களுக்கு மரியாதையா அது என்று இன்னொரு கட்சி. இதில் காசு தீர்ந்து இரண்டும் அரைகுறையாகப் போன ஊர்களும் இருக்கின்றன.

—

சும்மாஇருக்கேன்:

மன்னிக்கணும், நேராகவே கேட்கிறேன். நம்மை ஆண்டவனுடைய ஊர்ச் சிப்பாய்க்கு நாம் ஏன் இவ்வளவு உருக வேண்டும்? ஒவ்வொரு நவம்பரிலும் போரில் இறந்தவர்கள் நினைவாகச் சிவப்புப் பூ குத்திக்கொண்டு டிவியில் வருகிறார்களே, அது அடுத்த போருக்கு ஆள் பிடிக்கிற வேலை இல்லையா? பண்ணையாரே குழுத் தலைவர், பண்ணையார் மகன் அதிகாரி, அவன் பெயர் மேலே, கூலிக்காரன் பெயர் கீழே. இதைத்தானே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்?

—

உளிச்சத்தம்:

பெயர் வரிசை பற்றி மட்டும் சொல்கிறேன், மற்ற அரசியல் எனக்கு வேண்டாம். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டு இப்போது இங்கே பழைய கட்டடக் கல் வேலை செய்கிறேன், இந்த மாதிரிச் சிலுவைகள் கொஞ்சம் கைவழியாகப் போயிருக்கின்றன.

பதவி வரிசையில் வெட்டிய கல்லும் உண்டு, அகரவரிசையில் வெட்டிய கல்லும் உண்டு, இறந்த தேதி வரிசையும் உண்டு. நான் பார்த்த அளவில் சின்ன ஊர்களில் அகரவரிசைதான் அதிகம். பதவியே போடாமல் வெறும் பெயர் மட்டும் வெட்டிய ஊர்களும் இருக்கின்றன. அதை யாரும் மேலிருந்து சொல்லித் திணிக்கவில்லை. ஆக, சும்மாஇருக்கேன் சொல்வது சில கற்களுக்கு முழுக்கப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஊரைப் பொறுத்தது.

எழுத்து பற்றி ஒரு விஷயம். பல கற்களில் கறுப்பாகத் தெரிகிறதே, அது மை இல்லை, ஈயம். முதலில் எழுத்தை உளியால் வெட்டுவார்கள். பிறகு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே சின்னச் சின்னத் துளைகளைச் சாய்வாகப் போட்டு, மேலே ஈயத் தகட்டை வைத்துச் சுத்தியால் தட்டுவார்கள். ஈயம் துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைச் சீவி எடுத்துக் கல்லோடு கல்லாக வழவழவென்று தேய்த்துவிடுவார்கள். நூறு வருஷம் வெயிலும் உறைபனியும் பட்டால் ஈயம் நெகிழ்ந்து ஓர் எழுத்து மட்டும் கழன்று விழும். விழுந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் அந்தத் துளைகள் தட்டுப்படும். 'E' விழுந்தால் மூன்று நான்கு துளை, 'I' விழுந்தால் இரண்டு. எந்த எழுத்து இருந்தது என்பதை அந்தத் துளைகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் தயவுசெய்து யாரும் நல்லெண்ணத்தில் கம்பித் தூரிகை, ப்ளீச், அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷின் எல்லாம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நவம்பர் நினைவு நாளுக்கு முந்தின வாரம் ஊருக்கு ஒருவர் இப்படிக் கிளம்பிவிடுகிறார். கல் பளிச்சென்று ஆகும், எழுத்தின் விளிம்பு போய்விடும். இந்த நாட்டின் போர் நினைவுச்சின்ன அறக்கட்டளை இதற்கென்றே வழிகாட்டுதல் வைத்திருக்கிறது, பழுதுபார்க்க மானியமும் கொடுக்கிறார்கள்.

—

லிங்கன்வாசி:

பட்டியலை ஊர்தான் முடிவு செய்தது என்பதற்கு எங்கள் லிங்கன்ஷயரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஃபுல்ஸ்டோ என்று ஒரு ஊர், நாலாபக்கமும் வயல். அந்த ஊருக்கு 2005 வரைக்கும் போர் நினைவுச் சின்னமே கிடையாது.

காரணம் சார்ல்ஸ் கிர்மன். போருக்கு முன்பே படையில் பணியாற்றி முடித்தவர். 1914இல் மறுபடி கூப்பிட்டார்கள், போனார். காயம்பட்டார், தேறினார், திரும்ப முனைக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு கட்டத்தில் முடியாமல் கிளம்பிப் போய்விட்டார். படையை விட்டு ஓடியதாக விசாரணை நடத்தி 1917 செப்டம்பர் 23 அன்று சுட்டுக் கொன்றார்கள். சுட்டது சொந்தப் படை.

போர் முடிந்து கல் வைக்கும் பேச்சு வந்தபோது, ஓடிப்போனவன் பெயரைப் போடக் கூடாது என்று வந்திருக்கிறது. அவன் பெயர் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் பெயரும் வேண்டாம் என்று மற்றக் குடும்பங்கள் சொல்லிவிட்டன என்பதுதான் ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. கல்லே வைக்கவில்லை. எண்பது வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. 2005இல் ஊர்க்காரர்கள் முயற்சி எடுத்து எல்லார் பெயரோடும் கிர்மன் பெயரையும் சேர்த்து ஒரு பலகை வைத்தார்கள். இத்தனைக்கும் அப்போது அரசு மன்னிப்பு வரவில்லை. 2006 சட்டத்தில்தான் இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கும் மன்னிப்பு வந்தது. ஊர் ஒரு வருஷம் முந்திக்கொண்டது.

சும்மாஇருக்கேன் சாருக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன். அதிகாரத்துக்கு எதிராகவும் இந்த நினைவை ஊர்கள் பயன்படுத்தியிருக்கின்றன.

—

சும்மாஇருக்கேன்:

ஃபுல்ஸ்டோ நல்ல கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்க் கதையும் இருக்கிறதே. கென்ட்டில் ஷோரம். அந்த ஊர் தாமஸ் ஹைகேட்தான் அந்தப் போரில் ஓடிப்போனதாகச் சொந்தப் படையால் முதலில் சுடப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய், 1914 செப்டம்பர் 8, போர் தொடங்கி 5 வாரம்தான். அவர் பெயர் ஊர்க் கல்லில் இல்லை. 2000இல் தேய்ந்துபோன பலகையை மாற்றும்போது பெயரைச் சேர்க்கலாமா என்று பாரிஷ் கவுன்சிலில் (நம் ஊராட்சி மன்றம் மாதிரி) பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பிற்காலத்தில் மனம் மாறினால் வெட்டிக்கொள்ளலாம் என்று ஓர் இடம் மட்டும் காலியாக விட்டார்கள். 86 வருஷம் கழித்தும்! இரண்டுமே ஊர்தான், இரண்டுமே பாரிஷ்தான்.

—

ஓலைச்சுவடி:

காலியாக இடம் விட்டார்கள் பாருங்கள், அது முக்கியம். மறுத்தவர்களுக்கே தங்கள் மறுப்பில் முழு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. ஏன் ஒரே ஊரில் இவ்வளவு பேர் ஒரே நாளில் சாகிறார்கள் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். கிழக்கு சஸெக்ஸில் வாட்ஹர்ஸ்ட் என்று ஒரு ஊர். 1915 மே 9, ஓபர்ஸ் ரிட்ஜ் என்ற இடத்தில் நடந்த தாக்குதலில் அந்த ஊர் ஆட்கள் 25 பேர் ஒரே நாளில் போனார்கள். அண்ணன் தம்பி, மச்சான், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பந்தாட்டக் குழு என்று சேர்ந்து போய்ப் பெயர் கொடுத்தவர்களை ஒரே பிரிவில் வைத்திருந்ததன் பலன் அது. பெரும்பாலானவர்களுக்குக் கல்லறை கிடையாது. பின்னாளில் வாட்ஹர்ஸ்டும் அந்தப் பிரெஞ்சு ஊரான ஓபர்ஸும் இரட்டை ஊர்களாக உறவு வைத்துக்கொண்டன.

நார்ஃபோக்கில் மன்னரின் சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட் கதை இன்னும் விசித்திரம். தோட்டக்காரர், வேட்டைக் காவலர், குதிரைக்காரர் எல்லாரையும் சேர்த்து ஒரு கம்பெனி, எஸ்டேட் மேலாளர் ஃப்ராங்க் பெக்தான் அதைத் தொடங்கியவர், கேப்டனும் அவரே. வயது அம்பதைத் தாண்டியும் கூடவே போனார். 1915 ஆகஸ்ட் 12, துருக்கியின் கலிபோலியில் அவர்கள் போன படைப்பிரிவு முன்னேறிப் போனது, பெருந்தொகையான ஆட்கள் திரும்பவில்லை. மேகம் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றுகூடப் பிற்காலத்தில் கதை கட்டினார்கள். 1919இல் அங்கே எலும்புகள் சிதறிக் கிடந்ததைக் கல்லறைக் குழு கண்டுபிடித்தது. மேகமும் இல்லை, மாயமும் இல்லை, ஆழமாக உள்ளே போய் மாட்டிக்கொண்டு செத்திருக்கிறார்கள். ஆனால் உடல் வராத ஊரில் இப்படிக் கதை முளைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

—

வேலூர்க்காரன்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டில் நாலு தலைமுறை ராணுவம், அதனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

நம் பக்கத்திலும் அந்தப் போருக்குக் கல் உண்டு. தமிழ்நாட்டில் சில ஊர்களில், பஞ்சாபில் நிறைய ஊர்களில், சுவரில் பதித்த சின்னப் பளிங்குப் பலகை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அச்சடித்த படிவத்தில் எண்ணை மட்டும் நிரப்பிய மாதிரி இருக்கும். பெயர் கிடையாது.

கிரேட் ரிஸ்ஸிங்டனில் 'சோல்ஸ்' 5 முறை வருகிறது என்றீர்களே, அதே ஐந்து பேர் இங்கே பிறந்திருந்தால் வெறும் '5'.

இது பலகையோடு நிற்கவில்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை உட்பட நம் ஆட்கள் பெருந்தொகையாகப் போனது மெசபடோமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்கு. பாஸ்ராவில் காணாமல் போனவர்களுக்கு ஒரு பெரிய நினைவுச் சின்னம் கட்டினார்கள். அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே இத்தனை பேர் என்று எண். பிரான்சில் நெவ் ஷப்பெல் நினைவிடத்தில் மட்டும் 4,700க்கு மேற்பட்ட இந்தியர்களைப் பெயரோடு வெட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் செத்தால் பெயர், ஆசியாவில் செத்தால் எண். எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்று பெருமையாகச் சொன்ன அதே ஆணையம்தான் இது. 2021இல் அவர்களே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை பெயர் சொல்லி நினைக்கப்படவில்லை, சிலர் எந்த வகையிலும் நினைக்கப்படவில்லை என்று அதில் இருக்கிறது.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் கருந்தேவக்கத்தி. பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் நாய் கள்ளர் இருவரைக் கடித்தது என்று வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குக் கிடைத்த பெயர் 1919இல் என் கொள்ளுத்தாத்தாவோடு போனவர்களுக்குக் கிடைக்கவில்லை.

—

சும்மாஇருக்கேன்:

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன் :) என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள், வேலூர்க்காரன் அண்ணே.

—

வேலூர்க்காரன்:

இல்லை தம்பி, நீங்கள் சொன்னது அவர்கள் கல்லுக்கு நாம் ஏன் உருக வேண்டும் என்பது. நான் சொல்வது வேறு. அந்த ஊர்க்காரர்கள் செய்த மாதிரி நம் ஊரில் யாரும் உட்கார்ந்து பட்டியல் போடவில்லை என்பது என் ஆதங்கம். பலகை மேலிருந்து வந்தது, பதித்தார்கள், போனார்கள். ஊரைக் கேட்டிருந்தால் ஊர் சொல்லியிருக்கும். யார் வீட்டுப் பிள்ளை வரவில்லை என்று ஊருக்குத் தெரியாதா?

—

லிங்கன்வாசி:

வேலூர்க்காரன் சார், நீங்கள் தேடிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆணையத்தின் தரவுத்தளத்தில் பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்தை பெயர், ஊர், தாலுகா வரை இருக்கிறது, அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில். 'வடக்கு ஆற்காடு' என்று போட்டுத் தேடுங்கள்.

கருங்குயில் அக்கா, உங்கள் ஊர் ஆளுக்கும் வழி இருக்கிறது. ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் பெற்றோர் யார், மனைவி யார், அவர்கள் முகவரி என்ன என்று சில சமயம் வரும். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு தெரியும். பணிக்கோப்பு கிடைப்பது அதிர்ஷ்டம். 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து அந்தக் கிடங்கு எரிந்தபோது முதல் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியவற்றில் ஓரம் கருகிய காகிதங்களைத்தான் இன்று கணினியில் பார்க்கிறோம். ஆனால் ஓய்வூதிய அட்டைகள் தப்பிவிட்டன. பாதுகாப்பு அமைச்சகம் அவற்றை அழிக்க இருந்த நேரத்தில் வெஸ்டர்ன் ஃப்ரன்ட் அசோசியேஷன் என்ற ஆர்வலர் சங்கம் வாங்கிக் காப்பாற்றியது. விதவைக்கோ தாய்க்கோ யாருக்குப் பணம் போனது, எந்த ஊருக்குப் போனது என்பது அதில் இருக்கும். இரண்டு கல் மர்மம் அங்கேதான் உடையும்.

—

கருங்குயில்:

உடைந்துவிட்டது! ஓலைச்சுவடி ஐயா சொன்னதேதான். அவர் பிறந்தது பக்கத்து ஊர், கட்டிக்கொண்டது எங்கள் ஊர்ப் பெண்ணை. ஓய்வூதியம் எங்கள் ஊர் முகவரிக்கு வந்திருக்கிறது. பெற்றோர் கடைசி வரை பக்கத்து ஊரில். இரண்டு வீட்டிலும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் தேடப் போன இடத்தில் வேறொன்று அகப்பட்டது. ஓய்வூதிய அட்டைகளில் எங்கள் ஊர் முகவரியோடு இன்னொருவர் இருக்கிறார். உடல்நிலை காரணமாகப் படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், ஊருக்கு வந்து 1920இல் காசநோயில் இறந்திருக்கிறார். சிலுவையில் அவர் பெயர் இல்லை. தேவாலய வளாகத்தில் குடும்பக் கல்லறையில் சாதாரணமாகப் புதைத்திருக்கிறார்கள். ஊரில் கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கைவிட்டுப் போனதா, வேண்டுமென்றே விட்டார்களா?

அப்புறம் சோல்ஸ் குடும்பத்துத் தாய் ஜூலியா பற்றி யாரோ தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். ஃப்ரெடின் உடல் கிடைக்காததால் அவன் என்றாவது வருவான் என்று ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார் என்கிறார்கள். தேசிய கீதம் பாடினால் எழுந்து நிற்க மாட்டாராம். பிரதமரிடமிருந்து அனுதாபக் கடிதம் வந்தது, பிள்ளைக்கு இவ்வளவு என்று ஓய்வூதியமும் வந்தது, அதைப் பார்த்து ஊரில் சிலர் பொறாமைப்பட்டுப் பேசினார்களாம். கடைசியில் அந்தக் குடும்பம் பக்கத்தில் கிரேட் பேரிங்டனுக்குக் குடிபோய்விட்டது. கல்லில் பெயர் வெட்டிய அதே ஊர்தான் அப்படியும் பேசியிருக்கிறது. இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

—

ஓலைச்சுவடி:

காசநோயில் வீட்டில் செத்தவர்கள் விட்டுப்போவது மிகச் சாதாரணம். குண்டடி பட்டுச் செத்தால் வீரன், இருமிச் செத்தால் நோயாளி. 1919 கடைசியிலேயே உங்கள் ஊரில் பட்டியல் மூடியிருந்தால் 1920இல் இறந்தவர் எப்படி ஏறுவார்? அதையும் பாருங்கள், சிலுவை எந்த ஆண்டு திறந்தார்கள்?

ஆணையத்தின் கணக்கில் முதல் போரின் கடைசித் தேதி 1921 ஆகஸ்ட் 31. படையிலிருந்து அனுப்பப்பட்ட பிறகு இறந்தாலும், அந்த நோய் படைப்பணியால் வந்தது அல்லது அதனால் முற்றியது என்று நிரூபித்தால் ஏற்றுக்கொள்வார்கள். இறப்புச் சான்றிதழும் அந்த ஓய்வூதிய அட்டையும் சேர்த்து அனுப்புங்கள். இப்படி விட்டுப்போனவர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஆர்வலர்களே இருக்கிறார்கள்.

அப்புறம், தேவாலயத்துக்குள் போனால் சுவரில் மரச் சிலுவை ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். போர்முனையில் முதலில் நட்டது மரச் சிலுவைதான், பெயரைத் தகட்டு நாடாவில் அச்சடித்து ஆணி அடித்திருப்பார்கள். 1920களில் கல் வைத்தபோது, வேண்டுமென்றால் அந்த மரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், கொண்டுவரும் செலவு உங்களுடையது என்று குடும்பங்களுக்கு எழுதினார்கள். சில தாய்மார் வரவழைத்துச் சர்ச்சில் கொடுத்தார்கள். அடிப்பக்கம் மண்ணுக்குள் இருந்த அளவுக்கு நிறம் மாறியிருக்கும். வேலூர்க்காரன் கேட்ட 'பெயர்' எப்படி இருக்கும் என்றால், என்னைக் கேட்டால் அதுதான்.

—

கருங்குயில்:

சிலுவை திறந்தது 1921. எனவே நேரம் இல்லை என்ற காரணம் அவ்வளவு எளிதில் செல்லாது ஐயா. பட்டியலை எப்போது மூடினார்கள் என்று தெரிய வேண்டும், பாரிஷ் கவுன்சில் பழைய குறிப்பேடுகள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றனவாம், எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பெயரைச் சேர்ப்பது பற்றி இப்போதைய கவுன்சிலில் சும்மா வாய்வார்த்தையாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் உடனே சரி என்றார். ஒருவர், அன்றைக்கு இருந்தவர்கள் தெரிந்துதான் விட்டிருப்பார்கள், நாம் யார் திருத்த என்றார். இன்னொருவர் செலவு எவ்வளவு என்றார். அப்படியே 1919 கூட்டத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

—

சும்மாஇருக்கேன்:

சேருங்கள் அக்கா. நான் சொல்கிறேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் திட்டிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று யாரும் சிரிக்க வேண்டாம். பெயர் விடுபட்டவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன.

—

உளிச்சத்தம்:

சேர்ப்பதாக இருந்தால் வேலை பற்றி மூன்று விஷயம். சேர்க்கலாமா கூடாதா என்பதற்கு மேலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், சிலுவை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பட்டியலில் இருந்தால் கல்லைத் தொடுவதற்கு அனுமதி வேண்டும். போரின் நூற்றாண்டு சமயத்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற பாரம்பரியச் சின்னங்களுக்கான அரசு அமைப்பு 2,500 நினைவுச் சின்னங்களைப் புதிதாகச் சேர்த்தது, உங்களுடையதும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். தேவாலய நிலத்தில் நின்றால் மறைமாவட்ட அனுமதி தனி.

பழைய பெயர்களுக்கு நடுவில் இடுக்கி வெட்டச் சொல்லாதீர்கள். அகரவரிசையில் அவர் இடம் நடுவில் வரும், அங்கே இடம் இருக்காது. கடைசிப் பெயருக்குக் கீழே வெட்டலாம், இரண்டாம் போர்ப் பெயர்களை அப்படித்தான் பல ஊர்களில் பீடத்தில் வெட்டியிருக்கிறார்கள். அங்கும் இடம் இல்லை என்றால் அடியில் அதே கல்லில் ஒரு சின்னப் பலகை தனியாக.

அப்புறம் அதே எழுத்துருவில் வெட்டுகிற ஆளைப் பிடியுங்கள். கம்ப்யூட்டரில் வெட்டி மணலால் ஊதினால் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. கல் எந்தக் கல் என்று நெருக்கத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், காலை வெயில் சாய்வாக விழும்போது. காட்ஸ்வோல்ட்ஸ் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லா, வெளியிலிருந்து வந்த போர்ட்லேண்ட் கல்லா என்று பார்த்துச் சொல்கிறேன், அதைப் பொறுத்துத்தான் கணக்குப் போட முடியும்.

—

வேலூர்க்காரன்:

லிங்கன்வாசி சொன்ன மாதிரி தேடினேன். எங்கள் பலகையில் இருக்கும் எண்ணிக்கைக்கு இதுவரை மூன்று பெயர் பொருந்துகிறது. ஊர்ப் பெயரை மூன்று விதமாகத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், நாலாவது விதம் ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.